பேர்ன்ஸ் விருந்துக்குக் கில்ட் உடுத்துப் போகலாமா?

கேள்வி: கிளாஸ்கோவில் வேலை செய்யும் என் அக்காவின் மகனை, அவனோடு பணிபுரியும் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் வருகிற ஜனவரி 25ஆம் திகதி கவிஞர் றொபேட் பேர்ன்சின் நினைவாக நடக்கவிருக்கும் பேர்ன்ஸ் இராவிருந்துக்கு அழைத்திருக்கிறார். விரும்பியவர்கள் கில்ட் உடுத்து வரலாம் என்று அழைப்பில் எழுதியிருக்கிறதாம். பாவாடை போன்ற பிறத்தியாரின் உடுப்பை ஒருநேரச் சாப்பாட்டுக்காக உடுத்துவது நாடக வேஷம் என்கிறார் அத்தார். அந்தக் கவிஞரே கில்ட் உடுத்தவர் அல்லர் என்று வேறொருவர் சொன்னதில் பெறாமகன் இன்னும் குழம்பிப்போயிருக்கிறான். அந்த உடை அந்த விருந்துக்கு உரியதுதானா? வேட்டியோடு போனால் மரியாதைக் குறைவாகுமா?
வாசகி, முள்ளியவளை.

பதில்: கவிஞரைப் பற்றிச் சொன்னவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. றொபேட் பேர்ன்ஸ் 1759இல் அலோவே என்னும் ஊரில், ஸ்கொட்லாந்தின் தெற்குத் தாழ்நிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், கலப்பை பிடித்தவர், பின்னாளில் தீர்வை வரி அதிகாரியாக வேலை செய்தவர். கில்ட்டோ வடக்கே மலைப்பகுதியில் வாழ்ந்த கேலிக் மொழிக்காரரின் உடை. அக்காலத்துத் தாழ்நிலத்தார் அந்த மலைவாசிகளை மாடு கவர்பவர்கள் என்றும் நாகரிகம் அறியாதவர்கள் என்றும் இளக்காரமாகவே பேசினார்கள். 1746இல் கலோடன் போர்க்களத்தில் மலைப்பகுதிக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின், படைவீரர் தவிர்ந்த ஆண்கள் எவரும் அந்த உடையை அணியக்கூடாதென்று சட்டம் வந்தது. முதல்முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை, மறுமுறை பிடிபட்டால் 7 ஆண்டுகள் கடல்கடந்த நாடுகடத்தல். அந்தத் தடை நீங்கியது 1782இல், அதாவது பேர்ன்சுக்கு 23 வயதான பிறகுதான். அவர் 1796இல் இறந்தார். 1801இல் அவருடைய நண்பர்கள் சிலர் அலோவேயில் அவர் பிறந்த வீட்டிலே கூடி முதல் நினைவு விருந்தை உண்டார்கள்.

அப்படியானால் கில்ட் எப்படி அந்த மேசைக்கு வந்தது? 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பைப் பொறுப்பேற்று நடத்திய எழுத்தாளர் வோல்ரர் ஸ்கொட், தாமும் ஒரு தாழ்நிலத்தாராக இருந்துகொண்டே, நகரத்துக் கனவான்களை மலைப்பகுதி உடையில் வரும்படி தூண்டினார்; மன்னரும் கட்டம்போட்ட டார்டன் துணியில் உடுத்து நின்றார். நேற்றுவரை இளப்பமாகப் பார்க்கப்பட்ட உடை அதன்பின் முழு நாட்டுக்கும் அடையாளமாகிவிட்டது. இதைக் கேட்டு வன்னியில் வாழும் நாங்கள் அதிகம் வியக்கத் தேவையில்லை. எங்களைக் காட்டார் என்று சொன்னவர்களே இன்றைக்கு வெளிநாட்டு விருந்தாளிக்கு வன்னித் தேன் போத்தலைப் பெருமையோடு கட்டிக் கொடுக்கிறார்கள் அல்லவா?

ஆகவே வரலாற்றுக் கணக்கில் பார்த்தால் கில்ட் அந்தக் கவிஞருக்கு உரியதன்று. வழக்கத்தின் கணக்கில் பார்த்தால் அந்த விருந்துக்கு உரியதாகிவிட்டது. இந்த இரண்டில் இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். ஒரு சடங்குக்கு எந்த உடை பொருந்தும் என்பதை அதைக் கைவிடாமல் நடத்திவருகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். குழலிசை முன்னே செல்ல, ஆட்டின் ஈரலும் இதயமும் நுரையீரலும் ஓட்ஸ் மாவோடு சேர்த்து அவித்த ஹகிசைத் தட்டில் ஏந்திவந்து, அதற்கு முன்னால் பேர்ன்சின் கவிதையைச் சொல்லியபடியே கத்தி வைக்கும் ஒரு கூட்டத்தில் கில்ட் ஒருபோதும் வேஷமாகத் தெரியாது. அழைத்தவரே உடுக்கலாம் என்று சொல்லியிருக்கையில் அத்தாரின் தயக்கத்துக்கு இடமில்லை. இன்ன குலத்தாருக்கு இன்ன டார்டன் என்பதும் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலைபெற்ற வழக்கமே தவிரச் சட்டமன்று. குலம் சாராத பொதுவான டார்டன்களும் இருக்கின்றன.

பாவாடை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கிளிநொச்சியில் நண்பர் ஒருவரின் வீட்டில், லீவில் வந்திருந்த மகன் தன் கில்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கதிரையில் விரித்தபோது, நாற்பது வருடமாகத் தையல் வேலை செய்யும் அவனுடைய மாமி அதைக் கையில் வாங்கினார். பாரத்தைப் பார்த்தே புருவம் உயர்ந்தது. ஒரு முழுக் கில்ட்டுக்கு ஏறத்தாழ 8 யார் கம்பளித் துணி போகும், அதில் பெரும்பகுதி பின்பக்கக் கொசுவத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பிறகு கீழ் ஓரத்தைப் புரட்டி, மடித்துத் தைத்த இடத்தைத் தேடினார். அப்படி ஒரு இடமே இல்லை. தறியிலிருந்து வந்த துணியின் கரையே கில்ட்டின் கீழ் விளிம்பு. "இது வேட்டிக்கரை மாதிரியல்லோ இருக்கு" என்று அவர் சொன்னதற்கு மேலாக நான் அத்தாருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

வேட்டியோடு போவதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. வயலுக்குச் சாரமும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வேட்டியும் என்று இடமறிந்து உடுத்தும் ஊரிலிருந்து போகிறவன், தன் சொந்தச் சபை உடையில் வந்து அமர்வதை எந்த நல்ல விருந்தோம்பியும் கௌரவமாகவே கொள்வார். ஆனால் ஒட்டு வேட்டியும் அதற்குக் கீழே ஜீன்சுமாகப் போவதென்றால், அதைவிட ஒழுங்கான கோட்டு சூட் எவ்வளவோ மேல்.

கில்ட்தான் என்று முடிவெடுத்தால் விலைக்கு வாங்கவேண்டாம். அங்கே வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கொசுவம் பின்னாலும் தட்டையான பகுதி முன்னாலும் வரவேண்டும். கில்ட்டில் பொக்கற் கிடையாது, முன்னால் தொங்கும் தோற்பையில்தான் சில்லறையும் தொலைபேசியும். காலுறையில் செருகும் சிறு கத்தி கட்டாயமன்று, முதல்முறை போகிறவன் அதை விட்டுவிடலாம். முன்மடிப்பின் ஓரத்தில் குத்தும் ஊசியை மேல் துணியில் மட்டும் குத்தச் சொல்லுங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும், வாடகைக் கடைக்காரர் அதற்கும் காசு கேட்பார்.