சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேச்சில் தொனி மாறினால் சொல்லின் பொருளும் மாறிவிடுமா?

மாறும், ஆனால் எல்லா மாற்றமும் அப்படிப்பட்டதல்ல. தொனி என்பது ஓர் அசையை ஒலிக்கும்போது குரல் ஏறி இறங்கும் விதம். மாண்டரினில் உயர்ந்த சமதொனி, ஏறுதொனி, தாழ்தொனி, விழுதொனி என நான்கும், அழுத்தமில்லாத மென்தொனி ஒன்றும் உள்ளன. ‘மாய்’ என்பதை ஏறுதொனியில் சொன்னால் புதைத்தல், தாழ்தொனியில் வாங்குதல், விழுதொனியில் விற்றல். வாங்குவதும் விற்பதும் தொனியால் மட்டுமே வேறுபடுவது கடைத்தெருவில் சற்றுச் சங்கடமான ஏற்பாடுதான்.

நீங்கள் கேட்பது தொடர்பேச்சில் நிகழும் மாற்றத்தைப் பற்றியதென்றால், அது வேறு கதை. இரண்டு தாழ்தொனி அசைகள் அடுத்தடுத்து வரும்போது முதலாவது ஏறுதொனியாகிவிடுகிறது. வணக்கம் சொல்லும் ‘நீ ஹாவ்’ என்பதில் ‘நீ’ ஏறி ஒலிப்பது இதனால்தான். நம் புணர்ச்சி விதிகளைப் போல இது ஒலியைத்தான் மாற்றுகிறது, பொருளை அல்ல. ரோமன் எழுத்தில் எழுதும்போதும் வழக்கமாக மூலத்தொனியையே குறிக்கிறார்கள். இருப்பினும் இவ்விதி சில இடங்களில் மயக்கம் தரும். ‘மா’ என்பது தாழ்தொனியில் குதிரை. ஆகவே ‘குதிரை வாங்கு’ என்பதற்கான ‘மாய் மா’, ‘குதிரையைப் புதை’ என்பதைப் போலவே ஒலிக்கும். எது என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

மென்தொனியை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. ‘தோங்ஷி’ என்பதன் இரண்டு அசைகளையும் சமதொனியில் ஒலித்தால் கிழக்கும் மேற்கும். இரண்டாவதை மென்மையாக்கினால் அதுவே ‘பொருள்’, அதாவது சாமான்.