தொட்டியில் குட்டைச் சூரியகாந்தி: வாசகர் கேள்வி – பதில்

'டெட்டி பேர்' என்ற குட்டைச் சூரியகாந்தி விதையை நாற்றுத் தட்டில் போட்டு, 25 நாள் கழித்துத் தொட்டிக்கு மாற்றினேன். ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்து, ரூபாய் நாணயம் அளவுக்குப் பூத்து முடிந்துவிட்டது. விதை மோசமா?
– வாசகி, திருப்பூர்

விதை மேல் பழி வேண்டாம். அந்த 25 நாள்தான் காரணம். டெட்டி பேர் சாதாரணமாக இரண்டு, இரண்டரை அடி வளரும். சூரியகாந்தி ஆணிவேர்ச் செடி. மேலே இரண்டு இலை விரிவதற்குள் வேர் கீழே விறுவிறுவென்று இறங்கிவிடும். நாற்றுத் தட்டின் குழி ஆழம் இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். வேர் அடியைத் தொட்டுச் சுருண்டதும், செடி வளர்ச்சியைக் கைவிட்டு மொட்டுக்குத் தாவிவிடும். மொட்டு வைத்த செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றி எவ்வளவு உரம் கொட்டினாலும் பூவின் அளவு மாறாது. கத்தரி, மிளகாய் போல நின்று நிதானித்துத் தேறும் செடி அல்ல இது. விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் பூத்துவிடும், தொலைத்த பத்து நாளை எங்கே பிடிப்பது?

ஆகவே நேரடி விதைப்புதான் நல்லது. 12-க்கு 12 அங்குல குரோ பேக்கில் முக்கோணமாக மூன்று இடம் குறித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை போடுங்கள். ஆழம் 2 செ.மீ., அதாவது விரலின் முதல் கணுவுக்குச் சற்றுக் குறைவு. கூர்முனை கீழே இருக்கட்டும். வெயில் காலத்தில் நான்கைந்து நாளிலும் குளிரில் ஒரு வாரம், பத்து நாளிலும் முளை தெரியும். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் கூடவே வரும். 'பிக் ஸ்மைல்' போல ஒன்றரை அடிக்குள் நிற்கும் ரகம் என்றால் 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி போதும்.

நாற்றாகத்தான் வளர்ப்பேன் என்றால் காகிதக் கோப்பையில் போடுங்கள். வித்திலைக்கு (முளைத்ததும் முதலில் விரியும் தடித்த இரண்டு இலை) மேல் முதல் ஜோடி இலை விரிந்ததும், அதாவது 10 முதல் 14 நாளுக்குள், சாயங்கால வேளையில் கோப்பையின் அடியைக் கிழித்து, மண் கட்டி உடையாமல் அப்படியே இறக்கிவிடுங்கள்.

பத்து விதை போட்டேன், இரண்டுதான் முளைத்தது. என்ன தவறு?
– வாசகர், சேலம்

பத்தாம் நாள் ஒரு குச்சியால் மெல்லக் கிளறிப் பாருங்கள். விதையே சொல்லிவிடும். நசுக்கினால் கூழாக வந்தால் தண்ணீர் அதிகம். வெறும் தோல் மட்டும் கிடந்தால் எறும்போ எலியோ வேலையைக் காட்டியிருக்கிறது. கெட்டியாக, போட்டபடியே இருந்தால் ஒன்று பழைய விதை, இல்லையென்றால் அறுவடையான சூட்டோடு வந்த புது விதை. சூரியகாந்தி விதைக்குச் சுமார் 45 நாள் உறக்கம் உண்டு, அதற்கு முன் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. மளிகைக் கடையில் தோல் நீக்கியும் வறுத்தும் விற்பது தின்பதற்குத்தான்.

நாம் பார்த்தவரை முக்கால்வாசி வழக்கில் தண்ணீர்தான் குற்றவாளி. மண் கலவை இப்படி இருக்கட்டும்: செம்மண் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் இலை நுனி கருகும். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. முளை வரும்வரை குவளையால் ஊற்றாமல் தெளிப்பானால் மேலாகத் தெளித்தால் போதும். பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். விதையை 6 மணி நேரம் ஊறவைக்கலாம், அதுவும் கட்டாயமில்லை. இரண்டு நாள் ஊறப்போட்டால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

முளைத்த நாற்று தரையோடு நூல் போல் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்து ஊற்றுங்கள்.

முளையின் தலையில் விதைத் தோல் தொப்பி போல மாட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

காய்ந்திருக்கும்போது இழுத்தால் வித்திலையும் பிய்ந்துவிடும். இரவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, காலையில் தோல் நெகிழ்ந்த பிறகு பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள், கழன்றுவிடும். பெரும்பாலும் மேலாக விதைத்தால் இப்படி ஆகும். மண்ணைத் துளைத்து வரும்போதே தோல் உரிய வேண்டும்.

இரவில் நன்றாக இருந்த முளை காலையில் வெறும் காம்பாக நிற்கிறது.
– வாசகர், கோவை

விடியற்காலை அணிலாக இருக்கும், புறாவாகவும் இருக்கலாம். இரவிலேயே போயிருந்தால் எலி, நத்தை. வித்திலை போன முளை தழைக்காது, மறுபடி விதைக்க வேண்டியதுதான். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியில்லாமல் முளை மேல் கவிழ்த்து வையுங்கள். இரண்டு ஜோடி இலை வந்ததும் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் உள்ளே வெந்துவிடும் என்பதால் உச்சி வேளையில் பாட்டிலுக்குப் பதில் வலை போடுவது நல்லது.

பால்கனியில் வைத்த நாற்று ஒல்லியாக நீண்டு சாய்கிறது. உரம் போதவில்லையா?
– வாசகி, சென்னை

வெயில்தான் போதவில்லை. நேரடி வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். இந்த நிலையில் உரம் போட்டால் இன்னும் நீளும். வெயிலுக்கு மாற்றி, வித்திலைக்குக் கீழே வரை மண் அணைத்துவிடுங்கள். மாற்றும்போது முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். உரம் என்று பார்த்தால் 25-ஆம் நாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு தெரியும்போது இன்னொன்று. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் தட்டு தட்டாக வரும்.

இன்னொன்று: மொட்டுப் பருவம் வரைதான் செடி சூரியனோடு திரும்பும். பூ விரிந்ததும் காம்பு இறுகி, கிழக்கு பார்த்தே நின்றுவிடும். பால்கனி மேற்கு நோக்கியது என்றால் வெயில் படும், ஆனால் பூ வீட்டுப் பக்கம் திரும்பி நிற்கும். கிழக்கு நோக்கியது என்றால் தெருவில் போகிறவர்களுக்குத்தான் தரிசனம்.

ஐப்பசியில் விதைக்கலாமா?
– வாசகர், கடலூர்

உங்கள் ஊரில் வேண்டாம். அடைமழையில் வேர் அழுகும். தையில் போடுங்கள்.

குட்டை ரகத்தில் எடுத்துவைத்த விதையிலிருந்து வந்த செடி ஐந்தடி வளர்ந்துவிட்டது. எப்படி?
– வாசகர், மதுரை

தேனீயின் உபயம். சூரியகாந்தி அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர், அக்கம்பக்கத்தில் உயர ரகம் இருந்தால் கலந்துவிடும். வாங்கியது எஃப்1 (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்று போட்ட பாக்கெட் என்றால் கலப்பே இல்லாமலும் மறு தலைமுறை விதவிதமாகப் பிரியும். நாட்டு விதை போலத் திரும்பப் போடக்கூடிய ரகம் என்றால், இதழ் விரியும் முன்பே இரண்டு மூன்று செடிகளின் பூவை மல் துணியால் மூடிக் கட்டுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் துணியை அவிழ்த்து, ஒரு பூவை இன்னொன்றின் மேல் மெல்லத் தேய்த்து, உடனே கட்டிவிடுங்கள். ஒற்றைப் பூவை மட்டும் மூடினால் பெரும்பாலும் பதர்தான் மிஞ்சும். பூவின் பின்புறம் மஞ்சளாகிப் பழுப்பேறியதும் அறுத்து, நிழலில் உலர்த்துங்கள்.