முறையாகத் தொல்லியல் படிக்காத ஒரு பணக்காரர் அகழாய்வில் பெரிதாகச் சாதித்ததுண்டா?

உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் தியோடர் டேவிஸ். குளிர்காலம் வந்தால் நைல் நதியில் சொந்தப் படகில் எகிப்தைச் சுற்றிவந்த மனிதர். அறுபதைத் தாண்டிய பிறகு தோண்டும் ஆசை பிடித்துக்கொண்டது. 1902 முதல் 1914 வரை எகிப்திய மன்னர்களைப் புதைத்த இடமான அரசர்களின் பள்ளத்தாக்கில் தோண்டும் உரிமை அவர் கையில்தான் இருந்தது.

பணம் அவருடையது, உழைப்பு எகிப்தியக் கூலித் தொழிலாளர்களுடையது. மேற்பார்வைக்கு முதலில் ஹோவர்ட் கார்ட்டர், அப்புறம் குவிபெல், அயர்ட்டன் என்று தொல்லியலாளர்கள் மாறினார்கள். நான்காம் துட்மோஸ், சிப்டா, ஹோரெம்ஹெப் என்று மன்னர்களின் கல்லறைகள் வரிசையாகக் கிடைத்தன.

1905 பிப்ரவரியில் கிடைத்தது யுயா, துயா தம்பதியின் கல்லறை. மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப்பின் மனைவி ராணி தியேயின் பெற்றோர் இவர்கள். தேர், நாற்காலி, கட்டில் எல்லாம் பெரும்பாலும் வைத்தபடியே இருந்தன. உள்ளே இருட்டில், கருப்புத் தார் பூசிய சவப்பெட்டியில் பெயரைப் படிக்க டேவிஸ் மெழுகுவர்த்திகளை நெருக்கிக் கொண்டுபோக, கூட இருந்த எகிப்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மஸ்பேரோ பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தீ அந்தத் தார்மேல் பட்டிருந்தால் அத்தனையும் எரிந்து போயிருக்கும். ஆனால் மஸ்பேரோ பங்கு தர முன்வந்தும் வாங்காமல் எல்லாவற்றையும் கெய்ரோ அருங்காட்சியகத்துக்கே விட்டுவிட்டார் பாருங்கள், அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1907 இல் திறந்த கல்லறை விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. பள்ளத்தாக்கின் கல்லறைகளுக்குக் கொடுத்த எண் வரிசையில் கேவி 55 என்பார்கள். தண்ணீர் கசிந்து, மரப்பலகைகளின் தங்கத் தகடு உதிர்ந்துகொண்டிருந்தது. மம்மியின் முன்பல்லை மெல்லத் தொட்டேன், தூளாகிவிட்டது என்று டேவிஸே எழுதியிருக்கிறார். எது எங்கே கிடந்தது என்று ஒழுங்கான குறிப்பு இல்லாமல் அவசரமாகக் காலி செய்தார்கள். இது ராணி தியேதான் என்றார் டேவிஸ், எலும்பைப் பார்த்த மருத்துவர் எலியட் ஸ்மித் இது ஆண் என்றார். அந்த ஆண் தியேயின் மகனான மன்னர் அக்கெனதெனா வேறு யாராவதா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அன்றைக்கே பொறுமையாகப் படம் வரைந்து எழுதி வைத்திருந்தால் பாதிக் கேள்விக்காவது விடை இருந்திருக்கும்.

அதே காலத்தில் ஒரு குழியில் பெரிய ஜாடிகள் கிடைத்தன. உள்ளே துணி, எலும்பு, பூமாலை. டேவிஸுக்கு ஏமாற்றம். அதெல்லாம் இளவயதிலேயே இறந்த மன்னர் துட்டன்காமனின் உடலைப் பதப்படுத்தியபோதும் இறுதிச் சடங்கிலும் மிஞ்சியவை என்பது பிற்பாடுதான் புரிந்தது. அவரோ ஒரு சின்னக் குழியையே துட்டன்காமன் கல்லறை என்று நினைத்துவிட்டு, பள்ளத்தாக்கில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று 1912 இல் எழுதினார். 1915 இல் இறந்தும் போனார். 1922 நவம்பரில் கார்ட்டர் கண்ட, துட்டன்காமனின் உண்மையான கல்லறைக்குப் போகும் படிக்கட்டு, கேவி 55 வாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

டேவிஸ் கண்ணில் அது படாமல் போனதில் எனக்கு நிம்மதிதான். கார்ட்டர் அந்தச் சின்னக் கல்லறையிலிருந்து ஒவ்வொரு பொருளாகக் குறித்து, படமெடுத்து வெளியே கொண்டுவரப் பத்து வருடம் எடுத்துக்கொண்டார்.