எந்த வசனம் என்று கேளுங்கள்

கேள்வி: பைபிள் பல மொழிகளில் மாறி மாறிப் பெயர்க்கப்பட்டு, இடையில் பலரும் திருத்திய புத்தகம் என்கிறார் வேலூரில் என்னுடன் வேலை செய்யும் நண்பர். சபையில் கேட்டால், "சந்தேகப்படாதே, விசுவாசி" என்கிறார்கள். அதைத் தேவனுடைய வார்த்தை என்று எப்படி நம்புவது?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் வாயை அடைத்தவர்கள் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. பெரோயா பட்டணத்தார், பவுல் சொன்னதைக்கூட அப்படியே விழுங்காமல் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17.

இனி உங்கள் நண்பருக்கு வருகிறேன். எந்த வசனம், யார் திருத்தினார், எப்போது என்று அவரைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியஸும் மூல மொழிகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மறுபடி பெயர்த்தார். பத்து வாய் மாறி வந்த ஊர்க்கதை அல்ல இது.

மூலப் பிரதியே இல்லையே என்பார். உண்மைதான், இல்லை. ஒரு மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது. ஆனால் அதன் நகல்கள் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் நூறு வீடுகளில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் வீட்டு நகலில் சர்வே எண்ணை மாற்றினால், மற்ற நகல்கள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடாதா? புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுத்தான், 1 யோவான் 5:7இல் 'பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி' என்று வரும் பகுதி பழைய கிரேக்கப் படிகளில் இல்லை என்று கண்டார்கள். மாற்கு 16இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரு பெரும் படிகளில் இல்லை. இவற்றை நம் போதகர்கள் ஏன் மறைக்க வேண்டும்? சேர்ந்தது எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

பழைய ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு சான்று. 1947இல் சவக்கடல் அருகே குகையில் கிடைத்த ஏசாயா சுருள் சுமார் ஏழு மீட்டர் நீளம், 66 அதிகாரங்கள். அதுவரை கையிலிருந்த முழு எபிரெயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபாடுகள் உண்டு. ஆனால் 53ஆம் அதிகாரத்தில் பிறருக்காகப் பாடுபடும் தாசன் அங்கேயும் அதே தாசன்தான்.

ஆனால் சகோதரரே, இத்தனையும் சேர்ந்து நிரூபிப்பது, எழுதப்பட்டது நம்மிடம் பெருமளவு பழுதின்றி வந்திருக்கிறது என்பதை மட்டுமே. அது தேவனுடைய குரலா என்பதைச் சுருளும் சொல்லாது, என்னாலும் சொல்லிவிட முடியாது. அதற்கு இயேசுவே வழி காட்டினார்: "அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனெவனோ" அவன் அறிந்துகொள்ளுவான் (யோவான் 7:17). செய்யாமல் அறிய முடியாது.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் மருத்துவரை அனுமதிக்காததால் இறந்ததைக் கண்ட, அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற மத்தேயு 20:28 இன்றும் அந்தப் பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) குறிக்கோள். அந்த வசனத்துக்கு ஒரு பெண் கீழ்ப்படிந்ததால் பிழைத்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களைப் பார்த்த பிறகும் அதை வெறும் பழைய எழுத்து என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரு வசனம்கூட இல்லை. மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நண்பரையும் உட்கார வைத்து, சேர்ந்து வாசியுங்கள். எங்கே இடறுகிறது என்று அதிகாரமும் வசனமும் குறித்து எழுதுங்கள்; அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்வோம்.