பாதி விலையில் வண்ணத்துப்பூச்சி மீன்: வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். எட்டு மாதமாகிறது. இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் இருக்கின்றன, பவளம் எதுவும் இல்லை. வழக்கமாகப் போகும் கடையில் எட்டுப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீனைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். 'பசி வந்தால் எதையும் தின்னப் பழகிவிடும்' என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அதே பேச்சை நம்பி அதே எட்டுப்பட்டையை நானும் ஒருமுறை வாங்கி வந்தேன், வேறொரு கடையில். நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருந்தது. தீனியாக மைசிஸ் என்ற குட்டி இறால் போட்டால் வாயில் வாங்கி உடனே துப்பியது. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

அது பிடிவாதம் இல்லை. வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பகுதி உயிருள்ள பவளத்தின் சதையை மட்டுமே தின்று வாழ்பவை. எட்டுப்பட்டை, செவ்ரான், மெயர், ஆர்னேட் எல்லாம் அந்த வகை. இவற்றின் அறிவியல் பெயரில் வரும் 'கீட்டோடான்' என்ற சொல்லுக்கே மயிர் போன்ற பல் என்றுதான் பொருள். கொத்தித் தின்ன வாகான பல். உடம்பும் தட்டை, சேமித்து வைத்த கொழுப்பு அதிகம் கிடையாது. கடலில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொத்திக்கொண்டே திரிகிற மீனைப் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்றால், பழகுவதற்கு முன் செத்துவிடும். பாதி விலை ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: கடையிலும் அது சாப்பிடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, எதை வாங்கலாம்? வண்ணத்துப்பூச்சி மீன்களிலேயே ஆரிகா, ரக்கூன் இரண்டும் தீனிக்கு அதிகம் அடம்பிடிக்காதவை. ஆனால் 20 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேலும் வளரும், 450 லிட்டராவது வேண்டும். உங்கள் தொட்டிக்கு நான் கைகாட்டுவது கிளைன். 15 செ.மீ. தாண்டாது, நிறத்தில் கொஞ்சம் சாதாரணம்தான், ஆனால் நன்றாகச் சாப்பிடும். பின்னாளில் மென்பவளம் வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், கடித்து வைக்கும்.

எந்த மீனானாலும் கடையில் ஒரு வார்த்தை: 'என் கண் முன்னால் தீனி போடுங்கள்.' வாயில் வாங்கியதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், விழுங்குகிறதா என்று பாருங்கள். துப்பினால் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. அப்புறம் பக்கவாட்டில் பார்க்காமல் எதிரே நின்று பாருங்கள். பக்கவாட்டில் எல்லா வண்ணத்துப்பூச்சி மீனும் அழகுதான். எதிரே பார்த்தால்தான் கண்ணுக்கு மேலே, பிடரிச் சதை உள்வாங்கியிருப்பது தெரியும். அப்படி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலும், உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தாலும் அதே முடிவுதான்.

பிடித்துவிட்டால் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே வைக்கச் சொல்லுங்கள். மறுக்கிற கடைக்கு அந்த மீன் மீது அவ்வளவுதான் நம்பிக்கை என்று அர்த்தம். 8 முதல் 10 செ.மீ. அளவுதான் நல்லது. மிகச் சிறியது பட்டினி தாங்காது, முழுதாக வளர்ந்தது பழக்கத்தை மாற்றாது. ரசீதில் அறிவியல் பெயரை எழுதி வாங்குங்கள். 'மஞ்சள் பட்டர்ஃபிளை' என்று எழுதினால் அது எதுவாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடாமல் நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். தினமும் மூன்று வேளையாவது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முதல் சில நாள் தயங்கினால் மட்டியைத் திறந்து ஓட்டோடு உள்ளே வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதில் மயங்கிவிடும்.

கேள்வி: தொட்டியில் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் சாமந்தி பெருகிவிட்டது. காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கினால் தின்று தீர்க்குமாமே?

பதில்: சில தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. எது தின்னும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது. தின்றாலும் ஐப்டேசியா தீர்ந்த பிறகு அதற்கு என்ன போடுவீர்கள்? காப்பர்பேண்ட் தீனிக்குப் படுத்துகிற மீன். முதலில் பெப்பர்மின்ட் இறாலை முயலுங்கள்.

கேள்வி: மூரிஷ் ஐடலும் ஹெனியோகஸும் ஒன்றுதான் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஹெனியோகஸ் வண்ணத்துப்பூச்சி மீன் வகை, மூரிஷ் ஐடலின் குடும்பமே வேறு. வாலைப் பாருங்கள்: ஹெனியோகஸுக்கு மஞ்சள், மூரிஷ் ஐடலுக்குக் கறுப்பு. முன்னது திடமானது, ஆனால் பெரிய தொட்டி கேட்கும். பின்னது அனுபவசாலிகளையே அழவைப்பது.

கேள்வி: ஆன்லைனில் வரவழைத்த வண்ணத்துப்பூச்சி மீன் பகலில் பளிச்சென்று இருக்கிறது. இரவில் பார்த்தால் நிறம் மங்கி, கருந்திட்டு விழுந்து மூலையில் ஒண்டியிருக்கிறது. நோயுள்ள மீனை அனுப்பிவிட்டார்கள் என்று பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த மீன்களில் பலவும் தூங்கும்போது இப்படித்தான் வேஷம் மாற்றும். காலையில் விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். நிறம் திரும்பி, தீனிக்கு ஓடி வந்தால் ஒரு குறையும் இல்லை. அப்போதும் மங்கலாகவே இருந்து மூச்சும் வாங்கினால் வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.