பலகைத் துளையில் பை எறியும் ஆட்டத்தை எப்படி ஆடுவது, புள்ளிகளை எவ்வாறு கணக்கிடுவது?

நீங்கள் பலகைகளையும் பைகளையும் வாங்கி, கொல்லைப்புறத்தில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்து, புள்ளிக் கணக்கில் வீட்டாருக்குள் கருத்து வேறுபாடு வந்த பிறகே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எறிவதில் எவருக்கும் ஐயம் வருவதில்லை, எண்ணுவதில்தான் வருகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். கார்ன்ஹோல் என்று அழைக்கப்படும் இந்த ஆட்டத்தின் பலகை 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்டது. துளையின் விட்டம் 6 அங்குலம். அதன் மையம் பலகையின் மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம் கீழே, இரு பக்கங்களுக்கும் நடுவில் அமைய வேண்டும். பலகையின் பின்பகுதி தரையிலிருந்து 12 அங்குலம் உயர்ந்தும், முன்பகுதி ஏறக்குறைய 3 அங்குல உயரத்திலும் இருக்கும். இரண்டு பலகைகளையும் எதிரெதிரே வைத்து, முன் விளிம்பிலிருந்து முன் விளிம்புக்கு 27 அடி அளந்துகொள்ளுங்கள். சிறுவர்கள் ஆடினால் 21 அடி போதும். பை 6 அங்குலச் சதுரம்; எடை ஏறக்குறைய 450 கிராம். உள்ளே மக்காச்சோள மணிகளோ பிளாஸ்டிக் மணிகளோ இருக்கும். சோளம் அடைத்த பையை ஈரத்தில் விட்டுவிட்டால் கனத்துவிடும், பூச்சியும் வரும் என்பதால் ஆட்டம் முடிந்தவுடன் உள்ளே எடுத்து வைப்பது நல்லது. வெயில் சாயும் நேரத்தில் ஆடுவதாக இருந்தால் பலகைகளை வடக்கு தெற்காக வையுங்கள். யாருடைய கண்ணிலும் சூரியன் நேராக விழாது.

ஒவ்வொரு தரப்புக்கும் ஒரே நிறத்தில் நான்கு பைகள். இருவர் ஆடினால் இருவரும் ஒரே பலகையருகே நின்று எதிர்ப் பலகையை நோக்கி மாறி மாறி எறிய வேண்டும். நால்வர் ஆடினால் கூட்டாளிகள் இருவரும் எதிரெதிர்ப் பலகைகளருகே நிற்பார்கள். எறியும்போது பாதம் பலகையின் முன் விளிம்பைத் தாண்டக் கூடாது. பையைத் தட்டையாகப் பிடித்து, கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் அடியிலும் இருக்க, கையைக் கீழிருந்து வீசி, விடும் நேரத்தில் மணிக்கட்டால் சிறிது சுழற்றிவிட்டால் பை தட்டு போல் சுழன்று பறக்கும். நேராகத் துளைக்குள் விழச் செய்ய முயல்வதைவிட, பலகையின் நடுப்பகுதியில் இறங்கி மேல்நோக்கி வழுக்கித் துளையை அடையும்படி எறிவதே கற்றுக்கொள்பவருக்கு எளிது. அப்படி எறிந்த பை துளையை அடையாமல் நின்றாலும் ஒரு புள்ளி கிடைக்கும். எதிரியின் வழியையும் அடைக்கும்.

துளைக்குள் விழுந்த பைக்கு 3 புள்ளி, பலகைமேல் தங்கிய பைக்கு 1 புள்ளி. தரையில் பட்டுத் துள்ளிப் பலகை ஏறிய பைக்கும், பலகையில் சாய்ந்தபடி தரையையும் தொடும் பைக்கும் புள்ளி இல்லை. தரையில் பட்டு ஏறிய பையை அடுத்த எறிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பலருக்குத் தெரியாதது, எட்டுப் பைகளையும் எறிந்து முடித்த பிறகே புள்ளிகளை எண்ண வேண்டும் என்பதும், இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அதிகம் பெற்றவர் கணக்கில் சேரும் என்பதும். நீங்கள் 5, எதிரி 4 என்றால் உங்கள் கணக்கில் சேர்வது 1, எதிரிக்கு ஒன்றுமில்லை. ஒரு சுற்றின் முடிவில் யாருடைய கணக்கு 21ஐ அடைகிறதோ தாண்டுகிறதோ அவர் வென்றவர். சரியாக 21 வர வேண்டும், மிஞ்சினால் கணக்கு பின்னோக்கிப் போகும் என்று சில வீடுகளில் ஆடுகிறார்கள். அது வீட்டு வழக்கம், பொதுவிதி அன்று.

எட்டுப் பைகளும் நின்ற பிறகே எண்ணுவது என்பதிலிருந்து இன்னொன்று தானாகவே பின்தொடர்கிறது. பை எங்கே போய் நின்றது என்பதே கணக்கு. அதை அங்கே கொண்டுசேர்த்தது யாருடைய எறி என்பது கணக்கில்லை. எதிரியின் பை மோதி உங்கள் பை தரையில் விழுந்தால் உங்கள் புள்ளி போயிற்று. எதிரியின் பை மோதி உங்கள் பை துளைக்குள் விழுந்தால் அந்த 3 புள்ளியும் உங்களுடையது. இந்த ஒரு விதியைத்தான் அன்று எங்கள் வீட்டில் மறுத்தார்கள்.

பதினொரு வயதான என் அண்ணன் மகளும் நானும் ஒரு தரப்பு. அக்காவின் கணவரும் அவர் மகனும் மறு தரப்பு. நாங்கள் 19, அவர்கள் 18. முந்தைய சுற்றில் புள்ளி எடுத்தது நாங்கள் என்பதால் முதல் பையை அண்ணன் மகள் எறிந்தாள். நானும் அக்கா மகனும் எதிர்ப் பலகையருகே நின்றோம். அவளுடைய ஒரு பை பலகையில் தங்கியது. இரண்டு தரைக்குப் போயின. ஒன்று துளையின் விளிம்பில் பாதி உள்ளே தொங்கியபடி நின்றது. அத்தானுக்கும் பலகையில் ஒன்று, தரையில் இரண்டு. கடைசிப் பையை அவர் மிக நேர்த்தியாக எறிந்தார். அது வழுக்கி வந்து விளிம்பில் நின்ற பையை உள்ளே தள்ளி, தானும் பின்னாலேயே விழுந்தது. இரண்டும் துளைக்குள் போனதை நான் இரண்டடித் தொலைவில் நின்று பார்த்தேன்.

ஆகவே அவளுக்கு 4, அவருக்கு 4. அந்தச் சுற்றில் யாருக்கும் எதுவும் இல்லை. ஆட்டம் 19க்கு 18 என்றே தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால், “அவள் எறிந்து அது உள்ளே போகவில்லையே, நான்தானே தள்ளினேன், அதற்கு எப்படிப் புள்ளி கொடுப்பது?” என்றார் அத்தான். அவர் கணக்கில் அவளுக்கு 1, அவருக்கு 4, வேறுபாடு 3, எனவே 21. அண்ணன் மகள் அங்கிருந்தே, “சித்தப்பா, பை என்னுடையதுதானே?” என்று கேட்டாள். அத்தான் வயதில் மூத்தவர். எப்போதோ ஒருமுறை வருபவர். சுற்றியிருந்தவர்கள், விளையாட்டுக்குப் போய் ஏன் வாதம் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தான் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நேர்மையானவர், எறிந்தவருக்கே பலன் என்று எண்ணுவது இயல்பும்கூட. ஆனால் அவர் சொன்ன நியாயத்தை ஏற்றால், அதற்கு முந்தைய ஆட்டத்தில் அவருடைய பை மோதிக் கீழே விழுந்த அவளுடைய பைக்கும் புள்ளி கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? நாங்கள் வாங்கிய பெட்டியில் இருந்த விதித்தாளையும் இங்கே குறை சொல்லியாக வேண்டும். துளைக்கு 3, பலகைக்கு 1, வெற்றிக்கு 21 என்று மூன்றே வரிகள் அச்சிட்டு, மீதி இடமெல்லாம் வண்ணப்படம் போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வரிகள் இருந்திருந்தால் அதை எடுத்துக் காட்டியே முடித்திருக்கலாம்.

வீட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு சட்டம் தேவையா என்று இதைப் படிக்கும் சிலர் கேட்கக்கூடும். 1883ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெய்லிகர் டி விண்ட் என்பவர் இதைப் போன்ற ஓர் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, பலகையில் இருந்தது சதுரத் துளை. துளையின் வடிவமே மாறியிருக்கும்போது, வீட்டுக்கு வீடு விதி மாறுவதை நான் எதிர்க்கவில்லை. மாற்ற விரும்புவதை முதல் பை கையை விட்டுப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். இப்போது எங்கள் பலகையின் அடிப்பக்கத்தில் விதிகளைப் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன் அண்ணன் மகள் அதை உரக்கப் படிப்பாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு சுற்றில் இரு தரப்பும் சமமாக முடிந்தால், அந்தச் சுற்றை முதலில் எறிந்து தொடங்கிய தரப்பே அடுத்ததையும் தொடங்கும் என்ற முறையைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். நால்வர் ஆட்டத்தில் அடுத்த சுற்று எதிர்ப் பக்கத்திலிருந்து எறியப்படும். அதன்படி அன்று அடுத்த பையை எறிந்திருக்க வேண்டியவன் நான். அவளுடைய நான்கு பைகளும் என் பக்கத்தில்தான் கிடந்தன.