ரூட்டின் பாத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள ஐயா,

பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. பாஷ்ஆர்சி ஃபைலில் பாத்தை (கட்டளைகளை வரிசையாகத் தேடும் டைரக்டரிகளின் பட்டியலை) சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அலுத்துப்போய், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டின் பாத்தில் முதலாவதாக ஒரு புள்ளியையும் சேர்த்துவிட்டேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷை விட்டு இசட்-ஷெல்லுக்கு மாறினால் தீருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீராது. பாஷ்ஆர்சி, டெர்மினல் முன்னால் உட்கார்ந்து தட்டுபவருக்கான ஃபைல். கிரான் அதைப் படிப்பதில்லை. பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டை மட்டுமே பாத்தாகக் கொடுக்கும். உங்கள் பேக்கப் புரோகிராம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருந்தால் எப்படி அகப்படும்? ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே பாத்தை முழுசாக எழுதிவிடுங்கள். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபில் எழுதுவதானால் டாலர் குறி போட்டுப் பழைய பாத்தோடு ஒட்டாதீர்கள். அங்கே அது விரியாது, எழுத்தாகவே நிற்கும். பிறகு என்வ் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்து, இப்போதைய சூழல் மதிப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த இரண்டு டைரக்டரிகளை மட்டும் பாத்தாக வைத்து ஓட்டிப் பாருங்கள். கிரானில் விழுகிற பிழை கண்ணெதிரே விழும்.

அது கிடக்கட்டும். அந்தப் புள்ளியை யார் சொல்லிச் சேர்த்தீர்கள்? இத்தனை அக்கறையாக பேக்கப் எடுக்கிறவர் செய்கிற காரியமா இது? புள்ளி என்றால் நீங்கள் அந்த நேரம் நிற்கும் டைரக்டரி. /டெம்ப் என்ற தற்காலிக டைரக்டரியில் யாரும் ஃபைல் வைக்கலாம். ஒருவர் அங்கே, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பெயரில் ஒன்றை வைக்கிறார். நீங்கள் ரூட்டாக உள்ளே போய் எல்எஸ் அடிக்கிறீர்கள். ஓடுவது அவருடையது, உங்கள் அதிகாரத்தோடு. வேலையை முடித்துவிட்டு அசல் எல்எஸ்ஸையும் அது கூப்பிட்டுவிட்டால் உங்களுக்குச் சந்தேகமே வராது. புள்ளியைக் கடைசியில் வைத்தால் தப்பில்லை என்பார்கள். கை தவறி எஸ்எல் என்று அடித்து, அந்தப் பெயரிலும் அங்கே ஒன்று காத்திருந்தால்?

புள்ளி போடாமலேயே புள்ளி வருவதும் உண்டு. பாத்தின் முதலிலோ முடிவிலோ, டைரக்டரிகளைப் பிரிக்கும் முக்காற்புள்ளி தொங்கினாலும், இரண்டு அடுத்தடுத்து வந்தாலும் பொருள் அதேதான். லைப்ரரிகளைத் தேடும் பட்டியலான எல்டி-லைப்ரரி-பாத்தில் இது அடிக்கடி நேர்கிறது: பழைய மதிப்பு காலியாக இருக்கும், அதன் முன்னால் புதியதை ஒட்டுவோம், முடிவில் முக்காற்புள்ளி மட்டும் மிஞ்சும். பழையது காலியா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள். டிஆர் கட்டளையால் முக்காற்புள்ளிகளை வரிகளாக உடைத்துப் பாருங்கள். வெற்று வரி வந்தால் அதுதான் அந்த மறைந்த புள்ளி. மிச்சமுள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் ரூட்டைத் தவிர யாருக்கு எழுத உரிமை இருக்கிறது என்றும் பாருங்கள்.

ரூட்டாகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோவின் செக்யூர்-பாத் (சூடோ தானே வைக்கும் பாத்) காக்கும் என்று இருந்துவிடாதீர்கள். சூடோ மைனஸ் ஐ கொடுத்து ரூட் ஷெல்லுக்குள் போனால் ரூட்டின் ப்ரொஃபைல் (லாகின் ஆகும்போது படிக்கப்படும் ஃபைல்) எழுதிய பாத்துதான் செல்லும்.

இன்றே அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள். இருக்கிற டைரக்டரியிலுள்ள ஸ்கிரிப்டை ஓட்ட, பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் தட்டினால் போதும்.